பத்தனைப் புல்வெளியும் தவிட்டுக் கொய்யாவும்: மலையக நில வரலாற்றில் ஒரு நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாடு பற்றி இதுகாறும் எழுந்த வரலாற்று நூல்களிற் பெரும்பாலானவை இரண்டு செடிகளின் வரலாறாகவே அமைந்துள்ளன. ஒன்று கோப்பி, மற்றையது தேயிலை. இரண்டும் வேற்று நிலத்துச் செடிகள். அவை வந்து சேருமுன் அம்மலைகளில் யாது நின்றது என்று வினவினால், ‘காடு’ என்னும் ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றது. இது அரைகுறையான விடை. அடர்ந்த காட்டுக்கு இடையிடையே மரமற்ற பரந்த புல்வெளிகளும் அங்கு இருந்தன. சில இடங்களில் இன்றும் இருக்கின்றன. சிங்களத்திற் ‘பத்தன’ என வழங்கும் அப்புல்நிலம் மலையகத் தமிழர் வாயிற் பத்தனை ஆயிற்று. கொட்டகலையைக் கடந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் வழியிற் பத்தனை என்றே ஓர் ஊருண்டு. இன்று அவ்வூரைச் சூழ நிற்பது தேயிலை. புல்வெளி பெயரில் மாத்திரம் எஞ்சியுள்ளது.

இப்புல்நிலத்தின் வரலாற்றைப் பத்திரங்களிலிருந்து மட்டும் எழுதிவிட இயலாது. நிலப் பதிவேட்டில் அது ‘வீண் நிலம்’. தோட்டத் துரையின் நாட்குறிப்பில் அது பயனற்ற வெளி. ஆதலால் வேறொரு சான்றினை நாம் நாடவேண்டியுள்ளது. மலைச்சரிவுகளிலும் பாதையோரங்களிலும் தானே முளைத்து நிற்கும் தவிட்டுக் கொய்யா என்னும் காட்டுப்பழச் செடியை அத்தகைய சான்றாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அது எங்கே நிற்கின்றது, எவற்றோடு கூடி நிற்கின்றது, எங்கே இல்லாமற் போயிற்று என்பவற்றைத் தொடர்ந்து நோக்கின், சென்ற இரு நூற்றாண்டுகளில் மலைநாட்டு நிலம் கைமாறிய கதையின் ஒரு பகுதி புலப்படும்.

தாவரவியலார் இதனை ரோடோமிர்ட்டஸ் டொமென்டோசா என்பர். 1789இல் இலண்டன் கியூத் தோட்டத்துப் பட்டியலில் அயிற்றன் இதற்கு முதன்முதலில் அறிவியற் பெயர் சூட்டினார். இப்போதைய பெயர் 1842இல் அமைந்தது. நாவல், கொய்யா, கராம்பு, யூக்கலிப்டஸ் ஆகியன அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்குப் புதராக வளரும். இலை எதிரெதிராக அமைந்து, அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓட, கீழ்ப்புறம் வெண்சாம்பல் நிறத் துய்யுடன் காணப்படும். இளஞ்சிவப்புப் பூ நாட்செல்ல வெளிறும். ஆகையால் ஒரே கிளையிற் சிவப்பும் வெண்மையுமாகப் பல நிறப் பூக்களை ஒருங்கே காணலாம். பழம் சுண்டுவிரல் நுனியளவு. தலையிற் புல்லிவட்டம் சிறு முடிபோல் நிற்கும். கனிந்தபின் கருஞ்சிவப்பு நீலமாகும். உள்ளே விதைகள் மிகுதி. இனிப்பும் சிறு துவர்ப்பும் கலந்தது. தென்னிந்திய மலைகள், இலங்கை, தென்கிழக்காசியா, தென்சீனம் ஆகிய நாடுகளுக்கு இது இயற்கைச் செடி.

செடியின் பெயர் நம்மை ஒரு கணம் நிறுத்துகின்றது. கொய்யா அமெரிக்கக் கண்டத்து மரம். போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே நம் நாடுகளிற் பரவியது. எனவே ‘தவிட்டுக் கொய்யா’ என்னும் தொடர் பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. தொன்றுதொட்டு நின்ற செடிக்கு, பின்னர் வந்த செடியின் பெயர் ஒட்டிக்கொண்டது. நீலகிரியில் வழங்கும் ‘தவிட்டுப்பழம்’ என்ற பெயரே இரண்டினுள் பழையது போலும். தவிட்டுப்புறா, தவிட்டுக்குருவி என்பவற்றிற் போல ‘தவிடு’ நிறங்குறித்து வந்திருக்கலாம். இலையின் துய்யைக் குறித்தும் வந்திருக்கலாம். நீலகிரியில் இப்பழத்தாற் செய்த பாகுக்கு ஆங்கிலேயர் தம் நூல்களிற் குறித்த பெயரும் இச்சொல்லின் திரிபே போலும். அவர்களே இதனை ‘மலை நெல்லி’ எனும் பொருள்பட ஆங்கிலத்திலும் அழைத்தனர். தம் ஊர்த் தோட்டத்தில் விளையும் புளிப்புப் பழம் ஒன்றின் நினைவு அது. அப்பழத்துக்கும் இச்செடிக்கும் யாதோர் உறவும் இல்லை. கொய்யாவோடு இதனை இணைத்த பெயர் தெரியாத தமிழரோ, தாவரவியல் கல்லாமலே குடும்ப உறவினைச் சரியாகக் கண்டுகொண்டார்.

இனி, இச்செடி நிற்கும் களத்தினைப் பார்ப்போம். மலைநாட்டுப் பத்தனைகள் இருவகைப்படும். ஊவாப் படுகையைச் சார்ந்த தாழ்ந்த சரிவுகளில் உலர் பத்தனை. அங்கே மானாப்புல் ஓங்கி நிற்கும். நெல்லி, கடுக்காய், வேங்கை, சிங்களத்திற் ‘கஹட்ட’ எனப்படும் ஆயிமா ஆகிய தீயைத் தாங்கும் மரங்கள் ஆங்காங்கே காணப்படும். நுவரெலியாவைச் சுற்றிய உயர்நிலங்களிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஈரப் பத்தனை. அங்கே கிரைசோபோகன், அருண்டினெல்லா முதலிய குத்துப்புற்கள். அவற்றிடையே காட்டுப் பூவரசு எனப்படும் செந்நிற ரோடோடெண்டிரன் முறுகி வளைந்து நிற்கும். தாழ்ந்த ஈரிடங்களிற் பூச்சியுண்ணும் துரோசெரா கூட உண்டு. காடு தொடங்கும் எல்லையிற் ஒஸ்பெக்கியா, மஞ்சட் பூக்கொண்ட ஹைப்பெரிக்கம், எண்ணெய் மணம் வீசும் கோல்தீரியா, வக்சினியம், கெக்கில்லப் பன்னம் என்பன நெருங்கி வளரும். அப்பாற் கீன மரங்களும் நாவலின் மலையினங்களும் குடைபோல் கவிந்த முகிற்காடு. அதன் அடியிற் ‘நெலு’. பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து மடியும் இந்நெலு, நம் இலக்கியம் போற்றும் குறிஞ்சியின் இனத்ததே.

தவிட்டுக் கொய்யா இவ்விரண்டுக்கும் நடுவே வாழ்வது. முகிற்காட்டின் நிழலை அது ஏற்பதில்லை. திறந்த புல்வெளியிலும் காட்டின் விளிம்பிலும் நிலம் சரிந்து மண் வெளிப்பட்ட இடத்திலும் வேர்கொள்ளும். புளித்த, சத்துக் குறைந்த மண் அதற்கு ஒவ்வாததன்று. புல்லைத் தீ மேய்ந்துபோனாலும் அடிக்கட்டையிலிருந்து மீளத் துளிர்க்கும். பறவைகள் பழத்தை உண்டு விதையைப் பரப்பும். சுருங்கக் கூறின், இது விளிம்புநிலச் செடி. இதனால்தான் நிலவரலாற்றுக்கு இது பயன்படுகின்றது: நிலத்தின் எல்லைகள் எங்கெங்கு நகர்ந்தனவோ அங்கெல்லாம் இதன் இருப்பும் நகர்ந்திருக்கின்றது.

நிலத்தையும் அதன் புல், மரம், விலங்கு, உணவு, தொழில் ஆகியவற்றையும் ஒன்றாக வைத்து எண்ணும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கருப்பொருள் என வகுத்தது அதுவே. எனினும் திணைக் கோட்பாட்டினை அப்படியே எடுத்து மலையகத்தின்மேற் போர்த்திவிடும் போக்கு நமக்கு உடன்பாடன்று. குறிஞ்சித் திணையிற் குறவர் தம் புனத்திலே தினை விதைத்தனர். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறித்தவர் தமக்கெனப் புனம் எதுவும் அற்றவர். அவருள் மிகப் பெரும்பாலோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய சமவெளிப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர். தாம் வந்து சேர்ந்த மலையின் கருப்பொருளை அவர் புதிதாகவே கற்கவேண்டியிருந்தது.

பத்தனைகள் எவ்வாறு தோன்றின என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த வாதம். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஹென்றி ஹரல்ட் வெல்ச் பியர்சன் 1899இல் இலண்டன் லினியன் சங்க இதழில் இலங்கைப் பத்தனைகளின் தாவரவியல் பற்றி விரிவாக எழுதினார். பின்னாளில் தென்னாபிரிக்காவின் கேர்ஸ்ரன்பொஷ் பூங்காவினை 1913இல் நிறுவியவர் இவரே. தீ, மண்ணின் புளிப்பு, காற்று என்பன அவர் ஆராய்ந்த காரணங்கள். 1940களில் டி றொசைறோவும், 1951இல் ஹோம்ஸும் இவ்வினாவை மீண்டும் எடுத்தனர். காட்டை அழித்து எரித்ததன் விளைவே பத்தனை என்போரும், மண்ணும் காலநிலையும் தந்த இயற்கை நிலம் அது என்போருமாக அறிஞர் இருபிரிவினராயினர்.

இவ்வாதம் வெறும் தாவரவியல் வாதமன்று. புல்வெளி இயற்கையாயின் அதனைக் காக்க வேண்டும். எரிப்பின் விளைவாயின் அதில் மரம் நட்டு ‘மீட்க’ வேண்டும். பின்னர் வந்த மரநடுகைக் கொள்கைகளுக்கு இரண்டாவது கருத்தே துணைநின்றது. குற்றமும் எப்போதும் தீ வைத்த கிராமத்தவன் தலையிலேயே விழுந்தது. அதே காலத்தில் ஆயிரமாயிரம் ஏக்கர் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டவர்களைப் பற்றி அவ்வாறு பேசப்படவில்லை என்பது நோக்கற்பாலது.

ஹோட்டன் சமவெளிச் சதுப்பிலிருந்து எடுத்த மண்படிவுகளின் மகரந்தத்தை ஆராய்ந்து பிரேமதிலக, றிஸ்பேர்க் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்துக்குப் புதிய திருப்பம் தந்தது. ஏறத்தாழ 24,000 ஆண்டுகாலச் சான்று அப்படிவிற் கிடைத்தது. கடைசிப் பனியூழியின் வறண்ட காலத்திலேயே அங்கு திறந்த புல்நிலம் இருந்தமையும், பருவமழை வலுத்தபோது காடு விரிந்தமையும், மழை குன்றியபோது மீண்டும் சுருங்கியமையும் அதிற் புலனாகின்றன. எரிப்பு, மேய்ச்சல் என மனிதர் கைபட்ட தடயங்களும் மிகப் பழமையானவை என அவ்வாய்வு கருதுகின்றது. ஆகவே ‘இயற்கையா, மனிதனா’ என்ற வினாவே குறுகியது என்று நாம் எண்ணுகின்றோம். காடும் புல்லும் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் வந்த எல்லையிலே, அவ்வெல்லைக்கே உரிய செடிகள் வாழ்ந்துவந்தன.

இத்தகைய நிலத்தின்மீதுதான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் கட்டளைச் சட்டம் விழுந்தது. காடாகவோ, தரிசாகவோ, குடியிருப்போ பயிரோ இன்றியோ உள்ள நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியதென்றே கொள்ளப்படும் என அது விதித்தது. கண்டியக் குடியானவனுக்குச் சேனைக்காடும் மேய்ச்சற் பத்தனையும் பொதுவில் இருந்தன. அவற்றுக்கு உறுதி எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. எழுத்திற் காட்டமுடியாதது உரிமையாகாது என்ற நிலை வந்தபோது, மாடு மேய்ந்த வெளியும் பழம் பொறுக்கிய சரிவும் ஒரே நாளில் ‘வீண் நிலம்’ ஆயின. 1897இன் தரிசு நிலச் சட்டம் இதனை மேலும் இறுக்கிற்று.

கோப்பித் துரைமார் விரும்பியது காட்டு மண்ணையே. பத்தனை மண் வளம் குன்றியது என அவர்கள் அதனை ஒதுக்கினர். இதனால் ஒரு விந்தை நேர்ந்தது: அழிக்கக் கடினமான காடு முதலில் அழிந்தது, எளிதிற் கைப்பற்றியிருக்கக்கூடிய புல்வெளி சிறிது காலம் தப்பியது. டிம்புள்ள, டிக்கோயாப் பள்ளத்தாக்குகளின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேகமாக வீழ்ந்தன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைக் கொன்றது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் எட்டியது. இடையில் 1873இல் கியூத் தோட்டத் தலைவர் யோசப் ஹுக்கரின் அறிவுரைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாதிருக்க அரசு ஆணையிட்டது. ஹோட்டன் சமவெளி எஞ்சியமைக்கு இதுவும் ஒரு காரணம். இவ்வாணையின் நோக்கம் காடு. புல்வெளியைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைகொண்டதாகத் தெரியவில்லை.

தேயிலை புளித்த மண்ணை விரும்புவது. கோப்பி ஒதுக்கிய பத்தனைச் சரிவுகளிற் சிலவற்றில் அது ஏறிற்று. தேயிலை ஏறாத சரிவுகளில் ஆலையின் கொழுந்து உலர்த்தும் அடுப்புக்கும் லயத்து அடுப்புக்கும் விறகு வேண்டி யூக்கலிப்டசும் வாற்றிலும் நடப்பட்டன. தவிட்டுக் கொய்யாவுக்கு எஞ்சியவை எவை? தேயிலை மலையின் எல்லைக் கற்களுக்கு அப்பாலுள்ள துண்டுநிலம், பாதை வெட்டிய கரை, கான் ஓரம், பாறைமேடு. ஒழுங்காகப் புல்வெட்டப்படும் மலைக்குள் அது களை; எல்லைக்கு வெளியே அது பழம்.

அந்த எல்லைக்கு வெளியேதான் தொழிலாளரின் பிள்ளைகள் அதனை அறிந்தனர். பிரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் இடைப்பட்ட நாளெல்லாம் தோட்டத்துக்கு உரியது. விறகு பொறுக்கவும் மாட்டுக்குப் புல்லறுக்கவும் கூரைக்கு மானா கொணரவும் போகும் வழியே, எந்தத் துண்டிலும் பதியாத சிறு வாழ்க்கைப் பகுதியாக இருந்தது. காட்டுப்பழங்களும் கீரையும் மருந்துத் தழையும் அவ்வழியிற் கிடைத்தவை. இதனை நாம் இனிமைப்படுத்திக் கூற விரும்பவில்லை. பழம் சோறாகாது. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் பங்கீட்டரிசியும் மாவும் குறைந்து, தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தபோது, புல்வெளியின் எந்தக் கனியும் அவர்களைக் காத்துவிடவில்லை. பயிரிடத் தக்க நிலத்தின் நடுவே, பயிரிடும் உரிமையின்றி ஒரு சமூகம் பட்டினி கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பத்தனைகள் பட்ட பாடு இன்னும் கடுமையானது. கால்நடைப் பண்ணைகள் அம்பேவலை, போபத்தலாவைப் புல்நிலங்களை எடுத்துக்கொண்டன; அவற்றில் ஆபிரிக்கக் கிக்கூயுப் புல் பரவியது. 1960களில் ஹோட்டன் சமவெளியிலேயே விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. ஊவாச் சரிவுகளை பைனஸ் நடுகை மூடியது. அதன் ஊசியிலைப் படுகையின் கீழ் உள்நாட்டுச் செடிகள் அரிதாகவே முளைக்கின்றன. ஐரோப்பியர் கொணர்ந்த முட்செடியான யூலெக்ஸ் ஹோட்டன் சமவெளியிற் பெருந்தொல்லையாயிற்று. 1969இல் அச்சமவெளி வனவிலங்குப் புகலிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய உயர்நிலங்கள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஹக்கல இயற்கை ஒதுக்கம் 1938 முதலே காவலில் உள்ளது. ஆயின் இவையனைத்தும் உயர்ந்த முடிகள். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட நடுத்தர உயரத்துப் பத்தனைத் துண்டுகளுக்கு இத்தகைய காப்பு பெரும்பாலும் இல்லை.

‘உள்நாட்டது’ என்னும் அடைமொழியை நாம் மேலே பலமுறை கையாண்டோம். தாவரவியலில் அது எளிய சொல். அதே மலையில் மனிதருக்கு அது எளிதாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழி இரு தலைமுறை இங்கு பிறந்தது என்றோ சான்று கோரியது. பிறப்புப் பதிவு அருகியிருந்த லயங்களில் வாழ்ந்தோர் அதனைக் காட்ட இயலாது நாடற்றோராயினர். 1840இல் உறுதி காட்ட முடியாத குடியானவன் நிலத்தை இழந்ததும், 1948இல் பத்திரம் காட்ட முடியாத தொழிலாளி நாட்டை இழந்ததும் ஒரே தருக்கத்தின் இரு முகங்கள். இவ்விரு சாராரையும் ஒருவருக்கொருவர் பகைவராக்கி எழுதிய வரலாறுகள் இதனைக் காணத் தவறின.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இன் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. ஈற்றில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். அவருள் ஒரு பகுதியினருக்கென நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். மூதாதையர் புறப்பட்ட சமவெளிக்கு அல்லாமல், ஒருபோதும் கண்டிராத மலைக்கே அவர்கள் ‘திரும்பி’னர். அங்கும் சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே, காட்டுப் பூவரசுக்கு அருகில் அதே தவிட்டுக் கொய்யா நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கை மலைநாடும் செடிகொடிகளின் உறவால் ஒன்றே என்பதை உயிரியலார் நெடுங்காலம் கூறிவந்துள்ளனர். அவ்வுறவினைத் தம் கால்களால் நடந்தறிந்தோர் இம்மக்களே. நீலகிரியில் அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர்; மலையகத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று பெயர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

அயல் நாடுகளில் இச்செடியின் கதை வேறு. அழகுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஹவாய், புளோரிடா ஆகிய இடங்களில் அது காட்டை நெருக்கும் தீங்குச்செடி எனப் பட்டியலிடப்பட்டுள்ளது. வியட்நாமியர் அதன் பழத்தில் மது வடிப்பர். பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போர்க்காலத்தில், 1949இல் ஹூ லோன் இயற்றிய புகழ்பெற்ற கவிதை ஒன்று இப்பூவின் ஊதா நிறத்தையே தலைப்பாகக் கொண்டது. நம் மலையக இலக்கியத்திற் தேயிலைக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்கும் இச்செடிக்குக் கிடைத்ததாக நாம் அறியோம்.

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவர் ஹென்றி றைமன் தொடங்கி, அவர் மறைவின்பின் ஹுக்கர் முடித்த இலங்கைத் தாவரக் கையேடு 1893 முதல் 1900 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் இருப்பிடங்களை அறிய அதுவும், பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பும் நமக்குக் கிடைத்த முதன்மை ஆதாரங்கள். அவற்றிலே குறிக்கப்பட்ட இடப்பெயர்களைப் பழைய தோட்ட வரைபடங்களோடும் நில அளவைத் திணைக்களத்துத் தாள்களோடும் ஒப்பிட்டு, எந்தெந்தப் பத்தனை எந்த ஆண்டிற் தேயிலையாயிற்று, எது பைனசாயிற்று என்று தோட்டந்தோட்டமாகக் குறிக்கும் பணி செய்யப்படவேண்டியது. அதனோடு, மானா அறுக்கவும் விறகு பொறுக்கவும் சென்ற முதிய பெண்களிடம் அச்சரிவுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களையும் அங்கு நின்ற செடிகளின் பெயர்களையும் கேட்டு எழுதுதல் வேண்டும். வரைபடம் ஆவணக் காப்பகத்தில் இன்னும் சில காலம் கிடக்கும். இரண்டாவது வேலையை முதலிற் தொடங்குவதே முறை.